நெரிசலான வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் கண்டவர்
அர்ச். ஸ்நாபக அருளப்பர் தெலசால்

பிரான்சு தேசத்தின் ரேம்ஸ் நகரில், 1651-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி, செல்வமும் செல்வாக்குமுள்ள குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார் தெலசால். தகப்பனார் நீதிமன்ற அதிகாரி. பதினைந்தாம் வயதிலேயே பேராலயத்தில் மதிப்பும் வருமானமும் உள்ள கனோன் பதவி கிடைத்தது. இருபது வயதில் தாயையும், சில மாதங்களில் தந்தையையும் இழந்தார். தம்பி தங்கைகளின் பாரம் அவர் தலைமேல் விழுந்தது. அதையும் சுமந்துகொண்டே படித்து, 1678-ல் குருப்பட்டம் பெற்றார்.

மறு வருஷம், ஏழைச் சிறுவர்களுக்குத் தர்மப் பள்ளிக்கூடம் திறக்க வந்த அதிரியான் நியேல் என்பவரைச் சந்தித்தார். முதலில் யோசனை சொல்லும் உதவிதான் செய்தார். ஆனால் அப்பள்ளி உபாத்தியாயர்கள் பயிற்சியும் மதிப்புமின்றித் திண்டாடுவதைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. அவர்களைத் தம் வீட்டிலேயே குடிவைத்துத் தம் பந்தியில் அமர்த்தினார். உறவினர் கோபித்துத் தம்பிமாரை அழைத்துப் போனார்கள். அவரோ 1683-ல் கனோன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் ஆஸ்தியை ரொட்டியாக்கி ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டார்.

அக்காலத்து வகுப்பு எப்படி இருந்தது? உபாத்தியாயர் ஒவ்வொரு பையனாகத் தம்மிடம் அழைத்துப் பாடம் கேட்பார். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், அல்லது சண்டை போடுவார்கள். 60 பிள்ளைகளுக்கு 3 மணி நேரம் என்று வைத்தால், ஒருவனுக்குக் கிடைப்பது 3 நிமிஷமே! பணக்காரன் வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துக்கொள்வான். ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு அந்த 3 நிமிஷந்தான் கல்வி.

கூட்டத்தைக் குறைக்கத் தெலசாலிடம் பணமில்லை. வாசலில் வந்து நின்ற பிள்ளையைத் துரத்தவும் மனமில்லை. ஆகவே கூட்டத்தைப் பகுத்தார். ஒரே அளவு படிக்கத் தெரிந்தவர்களை ஒரே வரிசையில் உட்காரவைத்து, எல்லார் கையிலும் ஒரே புத்தகம் கொடுத்தார். ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவர் தங்கள் புத்தகத்தில் கண்ணோட்ட வேண்டும். எவனை எந்நேரமும் தொடர்ந்து வாசிக்கச் சொல்லலாம். இம்முறையைச் சிலர் முன்பே கையாண்டதுண்டு. அதை ஒழுங்குபடுத்தி, பல ஊர்ப் பள்ளிகளில் நிலைநாட்டியவர் இவர். லத்தீனில் தொடங்காமல் தாய்மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கினார்.

இதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாணாக்கனின் குணத்தையும் குறையையும் ஏட்டில் குறித்து, மறு வருஷ ஆசிரியரிடம் கொடுக்கச் செய்தார். வராத பையனின் வீட்டுக்கு ஆள் போய் விசாரிக்கும். கூட்டம் பெரிது, ஆனால் ஒரு பிள்ளையும் பெயரற்றவனாகக் கூடாது என்பதே அவர் நோக்கம்.

எதிர்ப்பு வராமலில்லை. இலவசக் கல்வியால் வருமானம் குறைந்த பாரிஸ் எழுத்தாசிரியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1704-ல் பள்ளித் தளவாடங்கள் பறிமுதலாயின. அவர் பின்வாங்கவில்லை. 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று ரூவான் நகரில் காலமானபோது, அவருடைய சபையில் சுமார் 100 சகோதரர்கள் இருந்தார்கள். 1900-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 1950-ல் 12-ம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

பிற்காலத்தார் வகுப்பையே சிறிதாக்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டென்னசியில் 1985-ல் தொடங்கிய சோதனையில், 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்தவற்றைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முந்தின. ஏழைப் பிள்ளைகளுக்கே அதிக நன்மை. நம் நாட்டின் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், 120 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்களா? அதிகமென்றால், உரியவர்களிடம் இன்னோர் ஆசிரியர் கேளுங்கள். அதுவரை அங்கிருக்கும் ஆசிரியரைக் குறைகூறாமல், பிள்ளையின் பலமும் பலவீனமும் இன்னதென்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கக் கேளுங்கள். வகுப்பில் அவனுக்குக் கிடைக்காத நிமிஷங்களை வீட்டில் நாம் கொடுக்கலாம் அல்லவா?