மைக்ரோகிளியாவைக் கண்டவர்

பியோ தெல் ரியோ ஓர்த்தேகா 1882-இல் ஸ்பெயினின் போர்த்தியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, மாட்ரிட்டில் நோபல் பரிசாளர் கஹாலின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

நரம்பணுக்களும் விண்மீன் வடிவ அணுக்களும் போக மூளையில் எஞ்சியவற்றைக் கஹால் 'மூன்றாம் கூறு' என்று ஒன்றாகவே வைத்திருந்தார். ஓர்த்தேகா வெள்ளி கார்பனேட்டால் சாயமேற்றிப் பார்த்தார். அது இரண்டாகப் பிரிந்தது! ஒன்றுக்கு 1919-இல் மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். அமைதியில் கிளை பரப்பி நிற்கும் இவ்வணு, மூளைக்குக் கேடு வந்தால் கிளைகளைச் சுருக்கி உருண்டு, சிதைவுகளை விழுங்கும். இம்மாற்றங்களை அவர் கண்ணால் கண்டு கையால் வரைந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் எனக்கு வெங்காயத் தோலின் அணுக்களை வரையவே ஒரு செய்முறை வகுப்பு முழுதும் வேண்டியிருக்கிறது. இன்று அல்சைமர் நோயில் மூளை அழற்சியை ஆராய்வோர், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆயிரக்கணக்கான படங்களில் அளப்பதும் இவ்வணுவின் கிளைகளையும் உடலின் பருமனையும்தான்.

கண்டுபிடித்த மறு ஆண்டே, மனக்கசப்பு முற்றி, ஆய்வுக்கூடத்திலிருந்து கஹால் அவரை வெளியேற்றினார். மேதைகளிடமும் இப்படி நடக்குமா என்று எனக்குத் தோன்றியது. அவர் தளரவில்லை, வேறிடத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பாரிஸ், ஆக்ஸ்போர்டு, பிறகு அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் என்று அலைந்தார். நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1945-இல் அந்நிய மண்ணிலேயே காலமானார். 1986-இல்தான் அவரது எச்சங்கள் ஸ்பெயினுக்குத் திரும்பின.