ஒரே ஃபிரேமில் அத்தனை சின்னப்பா! சிரிக்க வைக்கும் தந்திரக் காட்சிக்குப் பின்னால் ஒரு புதுக்கோட்டைக்காரர்

குன்றாண்டார்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில் கீரனூர். அங்கிருந்து உள்ளே பிரிகிற சாலையில் போனால், பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் ஒன்று வரும். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை. அதற்கு முன்னால், பிற்காலத்தில் எழுப்பிய நூற்றுக்கால் மண்டபம். நீங்கள் நின்று பார்க்க வேண்டியது அந்த மண்டபத்தைத்தான். மண்டபமே ஒரு தேர். பக்கவாட்டில் கல் சக்கரம், முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிற கல் குதிரைகள்.

அந்தச் சக்கரம் ஓர் அங்குலம்கூட உருளாது. குதிரை ஓர் அடி எடுத்து வைக்காது. ஆனாலும் போலியாக இருக்கிறது என்று அங்கே யாரும் குறை சொல்வதில்லை. தேர் ஓடுவதாக நாமே நினைத்துக்கொள்கிறோம், ரசிக்கிறோம், வந்துவிடுகிறோம்.

இதே நாம் வீட்டுக்கு வந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டால் என்ன ஆகிறது? அட்டை மலையும் பஞ்சு மேகமும் வந்ததுமே பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆகாயத்தில் பறக்கிறவரின் முதுகில் கயிறு தெரியும். ஒரே நடிகர் இரண்டு வேடத்தில் எதிரெதிரே நின்றால், நடுவில் மெல்லிசாக ஒரு கோடு தெரியும். நாமும் சேர்ந்து சிரிப்போம். தப்பில்லை. ஆனால், அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்ற ஒரு மனிதரின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்களேன். அவர் இதே புதுக்கோட்டைச் சீமைக்காரர்தான். பெயர் பி.யு.சின்னப்பா.

நாடகக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளை

1916-ம் வருஷம் மே 5-ம் தேதி, புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். பெயருக்கு முன்னால் உள்ள பி என்பது புதுக்கோட்டை, யு என்பது உலகநாத பிள்ளை. இயற்பெயர் சின்னச்சாமி. ஊரும் அப்பாவும் ஒட்டிக்கொண்டே வந்த பெயர் அது.

பள்ளிக்கூடத்தைவிட நாடக மேடையில்தான் அவர் அதிகம் வளர்ந்தார். சிறுவனாகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மாசம் 15 ரூபாய் சம்பளத்தில் இருந்த பையன் பாடுவதைக் கேட்டு, ஒரேயடியாக 75 ரூபாயாக உயர்த்தினார்கள் என்று சொல்வார்கள். அதே கம்பெனியில் அப்போது இன்னொரு பையனும் இருந்தான். பின்னாளில் நாடே எம்.ஜி.ஆர் என்று கூப்பிட்ட பையன்.

நாடகக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒரு கண்டம் உண்டு. மீசை அரும்புகிற வயசில் குரல் உடையும். அதுவரை தூக்கிக் கொண்டாடியவர்கள், குரல் போனதும் வேறு பையனைத் தேடிப் போய்விடுவார்கள். சின்னப்பாவுக்கும் அது வந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தவர் சும்மா உட்காரவில்லை. முறையாகக் கர்னாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். சிலம்பம், குஸ்தி என்று உடம்பையும் தேற்றிக்கொண்டார். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற தந்திரக் காட்சியைத் தாங்கிப் பிடித்தவை இவைதான்.

1936-ல் ஜூபிடர் நிறுவனத்தின் 'சந்திரகாந்தா' படத்தில் சினிமாவுக்குள் நுழைந்தார். பெயர் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த படங்கள் அவரை மேலே தூக்கவில்லை. வாய்ப்பும் சுருங்கியது. அலுத்துப்போய்ப் பல நாள் மௌன விரதம் இருந்தார் என்றும் சொல்வார்கள். 23 வயசில் பாடகன் ஒருவன் வாயை மூடிக்கொள்வது என்றால், மனசு எவ்வளவு விட்டுப்போயிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஒரு கறுப்பு அட்டை, இரண்டு இளவரசர்கள்

அந்த நேரத்தில்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் கூப்பிட்டு அனுப்பினார். படம் 'உத்தம புத்திரன்', 1940. இரும்பு முகமூடி மனிதனின் கதையைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றியது. இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் அரசனாகிக் கொடுமை செய்கிறான், இன்னொருவன் வெளியே வளர்கிறான். இரண்டு பேரும் சின்னப்பா. தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று பேர் வாங்கியது.

அந்தக் காலத்தில் இரட்டை வேடத்தை எப்படிப் பிடிப்பார்கள் தெரியுமா? கேமராவை ஆடாமல் அசையாமல் நிறுத்துவார்கள். லென்ஸுக்கு முன்னால் பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். நடிகர் திறந்திருக்கிற பாதியில் நின்று நடிப்பார். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவருவார்கள். அட்டையை அந்தப் பக்கம் மாற்றி வைப்பார்கள். நடிகர் உடையை மாற்றிக்கொண்டு வந்து, மறு பாதியில் நின்று அடுத்த ஆளாக நடிப்பார். ஒரே ஃபிலிமில் இரண்டு முறை வெளிச்சம் பட்டு, இரண்டு பேரும் ஒன்றாக நிற்பார்கள்.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு தெரியும். இரண்டாவது தடவை விளக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் தெரியும். நடிகர் உணர்ச்சி வேகத்தில் கையை நீட்டி எல்லையைத் தாண்டினால், கை அறுந்தது மாதிரி மறைந்துபோகும். இரண்டாவது தடவை தப்பினால், முதல் தடவை நன்றாக நடித்ததும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

நடிகரின் கஷ்டம் இதைவிடப் பெரிது. எதிரே ஆள் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் தான் எந்த இடத்தில் நின்றோம், எப்போது திரும்பினோம், எந்த வார்த்தைக்கு எவ்வளவு இடைவெளி விட்டோம் என்று எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்து, இல்லாத தன் முகத்தையே பார்த்துக் கோபப்பட வேண்டும். நாடகத்தில் ஒருவர் எத்தனை வேடமும் போடலாம். ஆனால், தன்னையே எதிரே நிற்க வைத்துப் பேச முடியாது. மேடையில் வளர்ந்த சின்னப்பாவுக்கு இது முற்றிலும் புதிய வேலை.

கச்சேரியில் அத்தனை பேரும் ஒருவரே

'உத்தம புத்திரன்' ஓடியது. பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. 1941-ல் கோவை பட்சிராஜாவின் 'ஆர்யமாலா'வில் காத்தவராயன். 1942-ல் 'கண்ணகி'யில் கோவலன். எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிர் நின்ற பெயர் சின்னப்பாதான் என்று ஊருக்கு ஊர் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'பிருதிவிராஜன்' படத்தில் தன்னோடு நடித்த ஏ.சகுந்தலாவை 1944-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

அதே 1944-ல் வந்ததுதான் 'ஜகதலப்பிரதாபன்'. ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய பட்சிராஜா படம். தேவலோகம், நாகலோகம் என்று மாயாஜாலம் நிறைந்த கதை. அதில் ஒரு கச்சேரிக் காட்சி வரும். பாடுகிறவர் சின்னப்பா. பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கிறவரும் சின்னப்பா. மற்ற பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்தால் அவர்களும் சின்னப்பாவே. ஒரே ஃபிரேமுக்குள் ஒரு முழுக் கச்சேரிக் கோஷ்டி!

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. கச்சா ஃபிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். தட்டுப்பாட்டினால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கமே கட்டுப்பாடு வைத்திருந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஃபிலிமை அடி கணக்கில் எண்ணிச் செலவு செய்த காலத்தில், பல தடவை பிடித்து ஒன்றாக்க வேண்டிய காட்சியில் கை வைத்தார்கள் என்றால், அது அந்த நடிகர் மேல் இருந்த நம்பிக்கை. தாளம் தப்பாது என்ற நம்பிக்கை. பாடகருக்கு ஆடுகிற தலையும், மிருதங்கத்தில் விழுகிற விரலும் ஒரே லயத்தில் சேர வேண்டுமே! குரல் உடைந்த வயசில் உட்கார்ந்து கற்ற சங்கீதம் அங்கேதான் கைகொடுத்தது.

இந்த வித்தை உலகத்தில் புதிது இல்லை. பிரான்ஸில் ஜார்ஜ் மெலியஸ் 1900-லேயே ஏழு மெலியஸ்களை நாற்காலியில் உட்கார வைத்து வாத்தியம் வாசிக்க வைத்தார். அமெரிக்காவில் பஸ்டர் கீட்டன் 1921-ல் 'தி ப்ளேஹவுஸ்' படத்தில் ஒன்பது கீட்டன்களை ஒரே மேடையில் நிறுத்தினார். ஆனால், அவையெல்லாம் பேசாப் படங்கள். சின்னப்பாவின் காட்சியில் பாட்டு கேட்கிறது. அதுவும் அவருடைய சொந்தக் குரல். தாளம் கொஞ்சம் பிசகினாலும் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போ ஏன் சிரிப்பு வருது?

காரணங்கள் உண்டு. முதலாவது, நீங்கள் பார்ப்பது அன்றைக்குத் தியேட்டரில் ஓடிய படம் இல்லை. தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்த பிரதி, அதிலிருந்து எடுத்த வீடியோ, அதைச் சுருக்கி ஏற்றிய கோப்பு. பழைய புள்ளியும் கீறலும் நடுங்கலும் சேர்ந்து, லேசாக இருந்த கோட்டைத் தடிப்பாக்கிவிட்டன. இரண்டாவது, அன்றைய ரசிகர் நாடகக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தவர். தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து துரியோதனன் வந்தால் அவருக்கு அது அரண்மனை வாசல்தான். துணி ஏன் தெரிகிறது என்று கேட்க மாட்டார்.

எல்லாவற்றையும் நியாயப்படுத்தவும் வேண்டாம். அந்தக் காலப் படங்களில் நிஜமாகவே மோசமான தந்திரக் காட்சிகள் நிறைய உண்டு. அவசரத்தில் வரைந்த திரைச்சீலை, சாயம் போன அசுரன், காற்றில் ஆடுகிற கல்தூண். அவற்றைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். சின்னப்பாவின் காட்சியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது கோட்டைத் தேடாதீர்கள். பக்கவாத்தியக்காரச் சின்னப்பாவின் கண்ணைப் பாருங்கள். அவர் பாடகரைக் கவனிக்கிற பக்கவாத்தியக்காரராகவே இருக்கிறார். பாடகர் பாடகராகவே இருக்கிறார். ஆள் ஒன்று, உட்காருகிற தோரணை வேறு வேறு. கேமரா செய்த வேலையில் தையல் தெரிகிறது. அவர் செய்த வேலையில் தையல் தெரியவில்லை.

முப்பத்தைந்தே வயசு

1949-ல் 'மங்கையர்க்கரசி'. இந்த முறை மூன்று வேடங்கள். அதே வருஷம் வந்த 'ரத்னகுமார்' படத்தில் சின்னப்பா கதாநாயகன். பாய்ஸ் கம்பெனி நண்பர் எம்.ஜி.ஆருக்கு ஒரு சின்ன வேடம்.

சம்பாதித்த பணத்தைச் சின்னப்பா சொந்த ஊரில் கொண்டுவந்து கொட்டினார். வீடு வீடாக வாங்கினார். நூறுக்கும் மேலே போய்விட்டது, இனி இவர் ஊருக்குள் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்று புதுக்கோட்டையில் ஒரு கதை உண்டு. திரையில் ஒரே நேரத்தில் பல இடத்தில் உட்கார்ந்தவர், ஊரிலும் அப்படியே இருந்தார் போல!

1951 செப்டம்பர் 23. நண்பர்களோடு சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், ரத்த வாந்தி எடுத்தார். அன்றைக்கே போய்விட்டார். வயசு 35. கடைசியாக நடித்த 'சுதர்ஸன்' அதற்குப் பிறகுதான் தியேட்டருக்கு வந்தது. பாண்டுரங்க பக்தரான குயவராக அவர் திரையில் உருகி நின்றபோது, பார்த்துக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் இறுதி ஊர்வலம் போய் அதிக நாள் ஆகியிருக்காத நேரம்.

ஏழு வருஷம் கழித்து, 1958-ல் 'உத்தம புத்திரன்' என்ற அதே பெயரில் சிவாஜி இரண்டு வேடம் போட்டார். அதே வருஷம் 'நாடோடி மன்னன்' படத்தில் எம்.ஜி.ஆரும் இரண்டு வேடம். 1965-ல் 'திருவிளையாடல்' வந்தது. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் தானேயாகச் சிவாஜி உட்கார்ந்த பாட்டை இன்றைக்கும் டி.வி-யில் போட்டால் நீங்கள் சேனலை மாற்ற மாட்டீர்கள். அந்தத் திண்ணையில் முதலில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் சின்னப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றாண்டார்கோவில் போய்விட்டு வாருங்கள். கல் குதிரை ஓடுகிறதா என்று கேளுங்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் 'ஜகதலப்பிரதாபன்' கச்சேரியைப் போட்டுக் காட்டுங்கள். தாத்தா பாட்டி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாட்டு முடிவதற்குள் அவர்களில் ஒருவர், இதை எப்படி எடுத்தாங்க என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். கறுப்பு அட்டையின் கதை உங்களிடம் தயாராக இருக்கிறது.