மருத்துவப் பெரியார் பிலிப் பினெல்

நோய்களுள் கொடியது யாதென வினவின், பிறர் இரங்குதற்கு மாறாக அஞ்சி விலகும் நோயே கொடியது எனலாம். காய்ச்சலுற்றவனைக் கண்டு நாம் கஞ்சி கொடுக்கிறோம். சித்தம் கலங்கியவனைக் கண்டு கதவைத் தாழிடுகிறோம்.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூர் எமது ஊர். யாம் சிறுவராயிருந்த காலத்து அவ்வூரில் ஒருவர் மாதந்தோறும் புறநோயாளராக மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருவார். மற்றை நாட்களில் மரத்தடியிலமர்ந்து தமக்குத் தாமே பேசிக்கொண்டிருப்பார். ஊரார் அவரை அடிக்கும் பித்தர் என்று அஞ்சினர். ஒருநாள் அவர் எறிந்த கல் ஒரு சிறுவன் தோளிற் பட்டது. அன்று மாலையே அவரை வீட்டுத் தூணிற் கட்டினர். ஆயின் முதற் கல்லை எறிந்தவர் அவரல்லர்; யாமே. அதனை யாம் அந்நாளில் ஒருவரிடமும் சொன்னோமில்லை. பிலிப் பினெல் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் வரலாற்றைப் பயின்றபோது அம்மௌனம் எம் நெஞ்சைச் சுட்டது. ஆதலின் அப்பெரியாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

பினெல் 1745-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியிலே பிறந்தார். தந்தையார் அறுவை வைத்தியர். குருத்துவப் பணியை நாடி இறைநூல் பயின்ற பினெல், 1770-இல் அந்நெறியை விடுத்து மருத்துவம் கற்கத் தொடங்கி, 1773-இல் துலூஸ் நகரிற் பட்டம் பெற்றார். 1778-இல் பாரிஸ் நகரை அடைந்தார். வெளியூர்ப் பட்டம் தலைநகரிற் செல்லாதாகையால், அவருக்கு ஆங்கு மருத்துவத் தொழில் நடத்த உரிமை கிட்டவில்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், பத்திரிகை நடத்தியும் பதினைந்து ஆண்டுகள் காலங்கழித்தார்.

அந்நாட்களில் அவருடைய நண்பர் ஒருவர், நன்கு கற்ற இளைஞர், சித்தம் கலங்கினார். நோய் முற்றுந் தீருமுன்னரே பெற்றோர் அவரை ஊருக்கு அழைத்துச் சென்றனர். அவர் வீட்டினின்று தப்பியோடிக் காட்டிற் புகுந்து மாண்டார். பித்தரால் பிறர்க்கு வருங் கேட்டையே உலகம் பேசுகின்றது. அந்நண்பரோ பிறருயிரைக் கவர்ந்திலர், தம் உயிரையே இழந்தார். இத்துயரமே பினெலை மனநோய் ஆராய்ச்சியிற் செலுத்தியது.

1793-ஆம் ஆண்டு சனவரியில் பிரெஞ்சு மன்னன் 16-ஆம் லூயி கொலைக்களத்தில் தலையிழந்தபோது, காவலில் நின்ற குடிமக்களுள் பினெலும் ஒருவராயிருந்து அக்காட்சியைக் கண்டார். அறிவு தெளிந்தோர் என்பார் ஒருவரையொருவர் கொன்று குவித்த அதே ஆண்டில், அறிவு திரிந்தோரைக் காக்கும் பணி அவரை வந்தடைந்தது. பாரிஸை அடுத்த பிசேத்ர் என்னும் விடுதிக்கு அவர் மருத்துவராக அமர்ந்தார். ஆங்கு ஏறத்தாழ 200 மனநோயாளர் இருந்தனர்; அவருட் சிலர் பல்லாண்டுகளாகச் சங்கிலியிற் கிடந்தவர்.

அவ்விடுதியில் மனநோயாளர் பகுதியை மேற்பார்த்தவர் புஸ்ஸேன் என்பார். அவர் மருத்துவர் அல்லர். தோல் பதனிடுந் தொழிலினர். தாமே அவ்விடுதிக்கு நோயாளியாக வந்து, குணமடைந்து, அங்கேயே பணியாளராக நின்றவர். நோயாளரை அடித்தலாகாது என்று ஏவலரைத் தடுத்தார். நோய் நீங்கினவரையே ஏவலராகத் தெரிந்து வைத்துக்கொண்டார். அவர் மனைவியாரும் சீற்றங்கொண்டவரை இன்சொல்லாலும் சாதுரியத்தாலும் தணிக்க வல்லவர். கல்வி மிக்க பினெல், மருத்துவம் கல்லாத இவ்விருவரிடமும் மாணாக்கரைப்போல் நின்று கற்றார். இதுவே அவர்தம் பெருமை என்பது எம் கருத்து.

நாடோறும் நோயாளரை அணுகி அவரோடு பேசி, கண்டவற்றைக் குறித்து வந்தார் பினெல். சீற்றம் எக்காலும் நிலைத்திருப்பதன்று, இடையிட்டு வருவது என்றும், வருமுன் அறிகுறி காட்டும் என்றும், அடியும் ஏளனமும் கட்டும் அதனை வளர்க்கும் என்றும் தெளிந்தார். அதனால், வன்செயலர் யாவர் என்று கேட்பதோடு, ஒருவர் எப்போது, எதனால் வன்செயலராகிறார் என்றும் ஆராய வேண்டியதாயிற்று. எல்லாரும் சாதுக்கள் என்று அவர் சொல்லவில்லை. அறிவு கெடாமலே வெறி மேலிடுவோரும் உளர் என்பதைப் பதிவுசெய்தார். இடர் மிக்க வேளையிற் கட்டுச்சட்டை வேண்டுமென்றும் ஒப்பினார். 1801-இல் வெளிவந்த அவரது நூல் இவற்றை உலகுக்கு உரைத்தது.

பினெல் ஒரே நாளில் தம் கையாற் சங்கிலிகளை அறுத்தெறிந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. 1876-இல் தீட்டப்பெற்ற புகழ்பெற்ற ஓவியம் ஒன்றும், சால்பேத்ரியேர் என்னும் மகளிர் மருத்துவமனையில் அவர் முன்னிலையில் விலங்கு கழற்றப்படுவதைக் காட்டும். உண்மை வேறு. அவர் 1795-இல் பிசேத்ரை விட்டுச் சால்பேத்ரியேருக்குச் சென்றுவிட்டார். 1797-இல் பிசேத்ரின் சங்கிலிகளைக் கழற்றியவர் புஸ்ஸேனே. அதன்பின் சில ஆண்டுகளிற் பினெலும் தம் மருத்துவமனையில் அவ்வாறே செய்வித்து, 1802-இல் புஸ்ஸேனையும் ஆங்கு வருவித்துக்கொண்டார். அப்புகழ் புஸ்ஸேனுக்கே உரியது என்று 1809-இல் வெளியிட்ட தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் கூறியவரும் பினெலே. 1822-இல் அரசு மருத்துவக் கல்லூரியைக் கலைத்தபோது பேராசிரியர் பதவியை இழந்தார். 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மறைந்தார்.

பினெல் பிசேத்ருக்குச் சென்ற மறு ஆண்டாகிய 1794-இல் நம் சென்னையிலும் கானலி என்னும் மருத்துவர் மனநோயாளர்க்கு ஒரு விடுதி நிறுவினார். பிற்காலத்தே, 1950-களில், அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர் வளாகத்திற் கூடாரங்கள் அமைத்து, நோயாளரோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். உடனிருந்து கண்ட உறவினர்க்கு அச்சம் தணிந்தது. நோயாளர் வீடு திரும்பினர்.

அமெரிக்காவில் மருத்துவமனையினின்று வீடு திரும்பிய ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஓராண்டு தொடர்ந்து கண்ட ஆராய்ச்சி 1998-இல் வெளிவந்தது. மது முதலிய போதைக்கு அடிமையாகாத நோயாளர், போதையில்லாத தம் அயலாரைவிட மிகுதியாக வன்செயல் புரிந்திலர் என்பதும், போதை சேர்ந்தவிடத்தே அபாயம் உயர்ந்தது என்பதும் அதன் முடிபு. எனினும் நம் நாட்டிற் சங்கிலி எளிதில் அறவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிற் கொட்டகை தீப்பற்றியபோது, விலங்கிடப்பட்டிருந்த 28 பேர் ஓடவியலாது மாண்டனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது.

சென்ற விடுமுறையில் யாம் திருமானூர் சென்றபோது, அவருடைய தாயாரிடம் அந்தக் கல்லின் உண்மையைச் சொன்னோம். அம்மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்து, பின் எமக்கு மோர் கொடுத்தார். அவர் மகன் திண்ணையில் அமர்ந்திருந்தார், கட்டு இல்லை. மாத்திரை தவறாதிருக்கிறதா என்றும், அடுத்த முறை மருத்துவமனைக்குத் துணையாக வரலாமா என்றும் கேட்டோம். அவர் தலையசைத்தார்.

தோழர்காள்! பினெல் நமக்குக் கற்பிப்பது அச்சமின்மை அன்று. அஞ்சுமுன் அருகிற் சென்று காண்டல். சீற்றங்கண்டவிடத்து மருத்துவரை நாடுவோம். முதற் கல் யார் கையினின்று சென்றது என்பதையும் ஆராய்வோம்.