அளந்து கண்ட அறிஞர் மைக்கேல் ஃபாரடே

இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸில், 1791 செப்டம்பர் 22 அன்று, ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு அவருடைய பள்ளிக்கல்வி முடிவுற்றது. 14ஆம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களையே ஆசிரியர்களாகக் கொண்டார். 1812இல் சர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார்.

டேவி, 1807இல் மின்சாரத்தின் துணையால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தவர். மின்சாரம் பொருளைப் பகுக்கும் என்பது தெரிந்திருந்தது. எவ்வளவு மின்சாரம் எவ்வளவு பொருளைப் பகுக்கும் என்பதற்குத் திட்டமான விதி வகுக்கப்படவில்லை. உயர்கணிதம் பயிலாத ஃபாரடே அவ்விதியை அளவைகளின் வழியே தேடினார். நீரைப் பகுக்கும்போது வெளிவரும் வாயுவின் கன அளவைக்கொண்டு மின்சாரத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். மின்வாய்களின் அளவை மாற்றியும் கரைசலின் செறிவை மாற்றியும் பன்முறை சோதித்தார். செலுத்திய மின்சாரம் ஒன்றாயின் விளைபொருளும் ஒன்றாகவே இருந்தது.

1833, 1834ஆம் ஆண்டுகளில் இரு விதிகள் உருப்பெற்றன. விளைபொருளின் எடை, செலுத்திய மின்சார அளவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது முதல் விதி. ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் வெளிப்படுத்தும் என்பது இரண்டாம் விதி.

இன்றைய அலகுகளில், ஒரு கிராம் சமான எடைக்கு ஏறத்தாழ 96,500 கூலூம் வேண்டும். மயில்துத்தக் கரைசலில் 2 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் மின்னளவு 7,200 கூலூம். தாமிரத்தின் அணு எடை 63.5, இணைதிறன் 2, எனவே சமான எடை 31.75. இதனை 7,200ஆல் பெருக்கி 96,500ஆல் வகுத்தால், எதிர்மின்வாயில் படியும் தாமிரம் 2.37 கிராம் எனப் பெறலாம்.

புதிய கருத்துகளுக்குப் புதிய சற்கள் வேண்டுமெனக் கண்ட ஃபாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலின் துணையை நாடினார். 1834இல் ஆனோடு, கேத்தோடு, அயான் ஆகிய கலைச்சொற்கள் கிரேக்க வேர்களினின்று பிறந்தன. 'செல்வது' எனும் பொருளுடைய அயானே தமிழில் அயனி என வழங்குகிறது.

ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்து, எளிய வாழ்வையே விரும்பிய அப்பெருமகனார் 1867 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார். எலெக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897இல். ஒவ்வொரு தாமிர அயனியும் இரண்டு எலெக்ட்ரான்களைப் பெற்றே உலோகமாகிறது என்பது அதன் பின்னரே விளங்கியது. காரணம் புலப்படுமுன்பே கணக்கு பிழையின்றி அமைந்துவிட்டது. பொறுமையோடும் நேர்மையோடும் அளப்பவனுக்கு, வறுமையும் குறைந்த பள்ளிப்படிப்பும் தடையாகா என்பதற்கு அவர் வாழ்வே சான்று.