கிளர்ச்சியின் பழி யாரைச் சேரும்?

தாய்நாடு போரில் இறங்கியிருக்கும்போது எதிர்த்தரப்பின் நியாயத்தை எடுத்துரைப்பவரைத் துரோகி என்று தூற்றுவது எளிது. எட்மண்ட் பர்க்கின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

1729-இல் டப்ளினில் பிறந்தார் பர்க். தந்தை புராட்டஸ்டன்ட், தாய் கத்தோலிக்கர். கத்தோலிக்கர்களுக்கு வாக்குரிமையே மறுக்கப்பட்டிருந்த அயர்லாந்தில் வளர்ந்ததால், சட்டத்தின் பெயராலும் அநீதி நிகழக்கூடும் என்பதை இளமையிலேயே அறிந்திருந்தார். சட்டம் பயில லண்டன் சென்றவர், எழுத்தாளராகி, 1765-இல் பிரதமர் ராக்கிங்ஹாம் பிரபுவின் செயலரானார். அவ்வாண்டின் இறுதியில் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார்.

ஏழாண்டுப் போரின் கடன்சுமையால் தவித்த பிரிட்டன், அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது முத்திரை வரி விதித்திருந்த நேரம் அது. 1766-இல் ராக்கிங்ஹாம் அரசு அவ்வரியை நீக்கியது. கூடவே, குடியேற்றங்களுக்குச் சட்டமியற்றும் முழு அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றும் அறிவித்தது. பர்க் இரண்டையும் ஆதரித்தார். முரண்பாடாகத் தோன்றினாலும் அவர் அரசியலின் சாரம் இதுதான்: உரிமை இருப்பதாலேயே அதைப் பயன்படுத்துவது அறிவுடைமை ஆகிவிடாது. ஒரு மக்கள்கூட்டம் முழுவதுமே கிளர்ந்தெழுந்தால், குற்றத்தை முதலில் ஆட்சியிடம்தான் தேட வேண்டும் என்று அவர் கருதினார்.

1775 மார்ச் 22 அன்று சமரசத் தீர்மானங்களை அவையின்முன் வைத்தார். 270 வாக்குகளுக்கு எதிராக 78 வாக்குகளே கிடைத்தன. நான்கே வாரங்களில் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன. எட்டாண்டுப் போருக்குப் பின், 1783-இல் அமெரிக்காவின் விடுதலையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது.

பர்க் அப்பழுக்கற்றவர் என்று நான் வாதிட மாட்டேன். நியூயார்க் சட்டப்பேரவையின் முகவராக அவர் ஊதியம் பெற்றவர். ஆயினும் ஆதாயத்துக்காக மட்டுமே பேசியவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அயர்லாந்தின் வணிகத்துக்கும் கத்தோலிக்கர்களுக்கும் சலுகை கோரியதால் பிரிஸ்டல் வாக்காளர்களின் சினத்துக்கு ஆளாகி, 1780-இல் அந்தத் தொகுதியையே இழந்தார்.

அவரது பார்வை நம் மண்ணையும் தொட்டது. ஆற்காடு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களுக்கு, விசாரணையின்றிக் கர்நாடக ராஜ்ஜியத்தின் வருவாயிலிருந்து பணம் வழங்க அரசு முனைந்தபோது, 1785 பிப்ரவரியில் அதைக் கடுமையாகத் தாக்கினார். அப்பகுதியிலும் தஞ்சையிலும் முன்னோர் வெட்டிய ஆயிரக்கணக்கான ஏரிகளையும், போரில் பாழான ஊர்களையும் அவைக்கு நினைவூட்டினார். வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது அவர் முன்னின்று நடத்திய வழக்கு 1795-இல் விடுதலையில் முடிந்தது.

பிரெஞ்சுப் புரட்சியை 1790-இல் எதிர்த்தபோது பழைய நண்பர்களே அவரைக் கட்சி மாறியவர் என்றனர். நான் அப்படிக் கருதவில்லை. புரட்சியை அவர் என்றுமே விரும்பியதில்லை. பேரரசு கலைய வேண்டும் என்றும் கேட்டதில்லை. அது அவருடைய எல்லை. அந்த எல்லைக்குள் நின்றே, கிளர்ச்சி நியாயமா என்ற கேள்வியை ஆள்வோரிடமே திருப்பினார்.

1797-இல் அவர் மறைந்தார். வாக்கெடுப்பில் தோற்ற அந்த 78 பேரை நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பெரும்பான்மை ஓர் அரசுக்கு அதிகாரத்தைத் தரலாம், விவேகத்தைத் தந்துவிடாது.