திரை நீக்கிய மருத்துவமணி

புதுக்கோட்டை மண் ஈன்ற பெருமக்களுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். 1886 ஜூலை 30ஆம் நாள் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாய்த் தோன்றிய அவர், மன்னர் கல்லூரியில் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். எனினும், மாணவர் கண்ணில் படாதவாறு திரைமறைவில் அமர்ந்தே பாடம் கேட்க நேர்ந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயர் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமெனப் பல்லாண்டு பாடுபட்டார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை ஆல்போல் தழைக்கச் செய்தனர்.

புகையிலைப் பழக்கம் மிகுந்த நம் நாட்டில் வாய்ப்புற்று மிகுதி. கட்டியை அகற்றியதும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. கன்னத்தில் துளையுடையார் எங்ஙனம் உண்பார்? எங்ஙனம் ஊரார் முன் வருவார்? ஈண்டே ஒட்டறுவை துணைநிற்கிறது. ஆழமற்ற புண்ணில், தொடையிலிருந்து சீவியெடுத்த மெல்லிய தோலை ஒட்டுவர். புண்ணின் அடித்தளத்துக் குருதியே அதனை வாழ்விக்கும். ஆழ்ந்த குழிக்கு அது போதாது. நெற்றியிலிருந்தோ மார்பிலிருந்தோ தோலை, வேண்டுமிடத்துத் தசையோடும், அதற்குரிய குருதிக்குழாய் அறாமல் திருப்பிக் கொணர்ந்து மூடுவர். இது தோல்மடல் எனப்படும். கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை பண்டே கூறியுள்ளது. நெற்றித் தோலால் மூக்கமைத்த நம் நாட்டு முறையை 1794இல் இலண்டன் இதழொன்று வெளியிட, மேலைநாட்டார் அதனைக் கற்றனர்.

முகம் சிதைந்தோர் தாமே ஒரு திரைக்குப் பின் ஒளிந்துகொள்கின்றனர். அவர்களை மீண்டும் மன்றத்தில் நிறுத்துவதே இம்மருத்துவத்தின் பயன். திரைக்குப் பின் அமர்ந்து கற்ற ஒரு சிறுமி, பிறர் திரை நீங்க வழிகோலினார் என்பதே நாம் எண்ணி வியக்கத்தக்கது.

1968 ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். கல்வி இருபாலார்க்கும் கடமை எனக் கொண்ட சமுதாயத்தினர் நாம். அன்று ஒரு பெண்ணுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டிருப்பின், எத்துணை உயிர்கள் வீணே மாய்ந்திருக்கும்! நம் இல்லத்து மகளிரின் கல்வியைப் பாதியில் நிறுத்துமுன் இதனைச் சிந்திப்போமாக. புகையிலையை நம் இல்லங்களிலிருந்து விலக்குவோமாக. அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.