மண்ணில் வாழும் நண்பர்களை இனங்கண்ட மார்ட்டினஸ் பெய்ஜரிங்க்

உடுவிலின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியன செய்கைபண்ணப்படுகின்றன. நெல் அறுவடையின் பின் வயலில் சணல் விதைத்து, அது பூக்கும் பருவத்தில் உழுது மண்ணுடன் கலக்கும் வழக்கமும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டு. அவரையினத் தாவரமான சணல் மண்ணை வளமாக்கும் என்பது விவசாயிகள் அனுபவத்தால் அறிந்த உண்மை. இதற்குக் காரணமான பற்றீரியாவை முதன்முதலிற் பிரித்தெடுத்தவர் ஒல்லாந்து நாட்டு நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் ஆவார்.

இவர் 1851 ஆம் ஆண்டு மார்ச் 16 ஆம் திகதி அம்ஸ்ரடாம் நகரிற் பிறந்தார். தந்தையார் புகையிலை வியாபாரத்தில் நட்டமடைந்தமையால் குடும்பம் வறுமையுற்றது. எனினும் பெய்ஜரிங்க் கல்வியைக் கைவிடவில்லை. டெல்வ்ற் நகரில் இரசாயனம் கற்று, 1877 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாகனிங்கன் விவசாயக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பின், 1885 இல் டெல்வ்ற் நகரின் மதுவம் தயாரிக்கும் தொழிற்சாலையொன்றில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

வளியில் ஏறத்தாழ 78% நைதரசன் உள்ளது. ஆனால் தாவரங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அவரையினத் தாவரங்கள் வேர்ச்சிறுகணுக்களின் உதவியால் வளிமண்டல நைதரசனைப் பெறுகின்றன என்பதை ஜேர்மனிய அறிஞர் ஹெல்றீகல் 1886 இல் அறிவித்தார். சிறுகணுக்களினுள் அதனைச் செய்யும் உயிரி எது என்பதே அடுத்த வினாவாயிற்று.

பெய்ஜரிங்க் அவரையினத் தாவர இலைச் சாற்றுடன் செலற்றின் சேர்த்து வளர்ப்பூடகம் தயாரித்தார். சிறுகணுக்களிலிருந்து பெற்ற பற்றீரியாவை 1888 இல் அதில் தூய நிலையில் வளர்த்தார். இப்பற்றீரியா இன்று றைசோபியம் எனப்படுகின்றது. இது நைதரசனை அமோனியாவாக மாற்றித் தாவரத்துக்கு வழங்குகின்றது. தாவரம் இதற்கு வெல்லத்தை வழங்குகின்றது. இரண்டும் பயன்பெறும் இவ்வாழ்க்கை முறை ஒன்றியவாழ்வு ஆகும்.

1895 இல் டெல்வ்ற் உயர்கல்லூரியிற் பேராசிரியரான பெய்ஜரிங்க், 1898 இல் புகையிலைச் சித்திரவடிவ நோயை ஆராய்ந்து, அதன் காரணி பற்றீரியா அன்று என விளக்கினார். வைரசு பற்றிய அறிவுக்கு இது அடித்தளமாயிற்று. நைதரசன் சேர்வைகள் அற்ற ஊடகத்தில் மண்ணை இட்டால், வளி நைதரசனைப் பதிக்கக்கூடிய பற்றீரியாவே பெருகும் என அவர் சிந்தித்தார். இவ்வாறு 1901 இல், மண்ணிற் சுயாதீனமாக வாழும் அசற்றோபக்டரைக் கண்டறிந்தார். திருமணம் செய்யாது ஆய்வே வாழ்வாகக் கொண்ட அவர் 1921 இல் ஓய்வுபெற்று, 1931 ஜனவரி 1 ஆம் திகதி காலமானார்.

அவரது கண்டுபிடிப்பு எமக்கு ஏன் முக்கியமானது? குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிநீரும் பாசனநீரும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கற் பாறையினுள் தேங்கும் நிலத்தடி நீரேயாகும். அளவுக்கு மீறி இடப்படும் யூரியா நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. வலிகாமத்தின் கிணறுகள் சிலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளில் தெரியவந்தது. இது கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கும்.

வெங்காயத்திலும் மிளகாயிலும் சிறுகணுக்கள் தோன்றா. ஆயினும் பயறு, உழுந்து, கௌப்பி, கச்சான் என்பவற்றைச் சுழற்சி முறையிற் பயிரிட்டு, அவற்றின் மீதிகளை மண்ணுடன் கலந்தால் அடுத்த பயிருக்கான யூரியாவின் தேவை குறையும். உரிய றைசோபியத்தை விதைகளிற் பூசி நடுவதும் ஒரு முறையாகும்.

செயற்பாடு: பூக்கும் பருவத்துப் பயற்றஞ் செடியொன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்து, சிறுகணுவொன்றை வெட்டிப் பார்க்க. உட்புறம் இளஞ்சிவப்பாயின் அது நைதரசன் பதிக்கின்றது எனக் கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்
1. ஒன்றியவாழ்வு என்றால் என்ன?
2. றைசோபியம், அசற்றோபக்டர் ஆகியன வாழும் முறைகளை வேறுபடுத்துக.
3. பயிர்ச் சுழற்சி கிணற்று நீரைப் பாதுகாக்க எவ்வாறு உதவும் என விளக்குக.